தேய்த்த விதை

அந்தச் சரிவுக்குள் போக ஒரே வாசல்தான். மூங்கில் படலில் முள்ளைக் கட்டி, இரண்டு கல்தூண்களுக்கு நடுவே சாத்தி, நைலான் கயிற்றால் சுற்றியிருந்தோம். உள்ளே போகக் கயிற்றை அவிழ்த்து, படலைத் தூக்கி நகர்த்த வேண்டும். போனதும் இழுத்துச் சாத்தி மறுபடி கட்ட வேண்டும். காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டு மழைக்காலம் அப்படிக் கட்டி அவிழ்த்ததில், அந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டும் போட என் விரல்களுக்குப் பழகிவிட்டது.

படலிலிருந்து பத்தடி தள்ளி ஒரு தகரக்கூரை வீடு. அந்த வீட்டு அக்காவுக்கு இருபத்திரண்டு ஆடுகள். நான் கயிற்றைத் தொடும் சத்தம் கேட்டதும் அவை எழுந்து வந்து வேலியோடு வரிசையாக நிற்கும். உள்ளே பச்சையாக இருப்பது அவற்றுக்குத் தெரியும். நான் மட்டும் போய் வருவதும் தெரியும்.

என் வேலை புல்லை அடையாளம் காண்பது. தாவரவியல் படித்துவிட்டு, கெட்டுப்போன நிலத்தில் பழைய புல்லையும் மரத்தையும் மீண்டும் கொண்டுவரும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். அலுவலகம் தேனியில். எனக்குத் தந்த இடம் வருசநாட்டுப் பக்கம், ஊருக்கு மேலே காடு தொடங்கும் வரைக்கும் போகும் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு. பல வருடங்களாக அதை உண்ணிச்செடி மூடிக்கிடந்தது. அதன் அடியில் வேறொன்றும் முளைக்காது. ஆடு நுழையவும் வழியில்லை. ஊரோடு பேசி ஓர் ஒப்பந்தம் ஆனது. உண்ணியை வேரோடு எடுப்போம். இந்த மண்ணுக்குரிய ஐந்து வகைப் புல்லை விதைப்போம். இரண்டு மழைக்கு யாரும் ஆடு மாட்டை உள்ளே விடக்கூடாது. விதைத்த புல்தான் வேரூன்றியிருக்கிறது என்று நான் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டதும், இரண்டாம் மழை முடிந்த தை மாதத்தில் படலைத் திறந்துவிடலாம்.

அதே தை மாதத்தில் என் பணிக்காலமும் முடிவதாக இருந்தது. கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் இடம் கேட்டு வைத்திருந்தேன். ஆக, ஆடுகளும் நானும் ஒரே தேதிக்காகக் காத்திருந்தோம். அவை உள்ளே போக, நான் வெளியே போக.

ஊரை ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைத்தது நாங்கள் இல்லை, அந்த அக்காதான். நாற்பது வயதிருக்கும். பேச்சில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து படம் போட்டுக் காட்டிய கூட்டத்தில் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவர் வீடு வீடாகப் போய், ரெண்டு மழை பொறுத்தால் நம் பிள்ளைகள் காலத்துக்கும் மேய்ச்சல் இருக்கும் என்று பேசிய பிறகுதான் எல்லோரும் சரி என்றார்கள். தன் ஆடுகளுக்கு அவரே வாய்க்கால் ஓரத்திலும் தென்னந்தோப்புகளிலும் புல் அறுத்துச் சுமந்து வருவார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. இரண்டாம் கட்டோடு வரும் நேரமும் நான் மாலையில் வெளியே வரும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்கும் புல்லுகிட்ட நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தீகளா? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?"

இதைத் தினமும் கேட்பார். பூக்காத புல்லை அடையாளம் காண அதன் இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தைப் பார்க்க வேண்டும். இலையை மெல்ல வளைத்தால் உள்பக்கம் ஒரு சின்ன நாக்கு தெரியும். சில புற்களில் அது வெங்காயத்தோல் மாதிரிச் சவ்வு. சிலவற்றில் வெறும் முடி வரிசை. சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. முதல் மாதத்தில் ஒரு நாள் நான் லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்ததை அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்து, என்ன செய்கிறேன் என்று கேட்டார். நாக்கைப் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எங்க ஆட்டுக்கும் நாக்கு இருக்கு. அதையும் ஒருநா பாருங்க, எம்புட்டுக் காஞ்சு கெடக்குன்னு தெரியும்."

நான் விதைத்த ஐந்தில் மூன்றுக்கு ஊரில் பெயர் உண்டு. கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், சுக்குநாறிப்புல். மற்ற இரண்டுக்கு நான் குறிப்பேட்டில் லத்தீன் பெயர் எழுதுவேன். ஊர்ப் பெண்கள் 'அந்தப் புல்லு' என்பார்கள். ஐந்திலும் எனக்கு அதிக நம்பிக்கை கொழுக்கட்டைப்புல்லின் மேல்தான். வறட்சி தாங்கும், மண்ணைப் பிடிக்கும், ஆடு விரும்பித் தின்னும். அதன் கதிர் ஒரு விரல் நீளம். ஒவ்வொரு விதைக்கொத்தைச் சுற்றியும் மெல்லிய முடிகள் அடர்ந்திருக்கும். அந்த முடிகள் அடியில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சின்ன வட்டில் பதிந்திருக்கும். லென்ஸுக்குக் கீழே அந்த வட்டைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லை.

முதல் மழைக்காலம் உண்ணியை வேரோடு எடுப்பதிலேயே கழிந்தது. அது முடிந்ததும், விதை எடுக்க அந்த அக்காவையும் சேர்த்து ஆறு பெண்களை அமர்த்தினோம். அவர்களுக்கு நான் பத்து விதிகள் எழுதி, படித்துக் காட்டினேன். நான்காவது விதி: விதையைக் கதிரோடு, முடியோடு, அப்படியே கொண்டுவர வேண்டும். முதல் நான்கு நாள் நானும் கூடப் போய் வயல் வரப்புகளில் எது, எது இல்லை என்று காட்டினேன். கடைசி இரண்டு நாள் அறிக்கை வேலையாகத் தேனி அலுவலகத்தில் இருந்தேன். திரும்பி வந்த மதியம், என் அறை வாசலில் ஆறு பேரும் சாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேதான் நான் தவறினேன். அதை விளக்க என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் போவேன். பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பையும் நுனியில் ஒட்டிய காய்ந்த பூவையும் நீக்கி, பச்சை, வெளிறல், வெடித்தது, சொத்தை என்று பிரிப்பார்கள். முறத்தில் வந்து விழும் காய் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்பா முறத்துக்குள் கையை விட்டு அள்ளி, விரல் இடுக்கில் வழியவிட்டுப் பார்ப்பார். தூசியோ காம்போ கையில் ஒட்டாவிட்டால் ஒரே சொல்தான், "நல்ல சரக்கு." அந்தச் சொல் வந்தால் அன்று பின்கட்டில் எல்லோருக்கும் டீ.

இந்த ஆறு பெண்களில் நான்கு பேர் சில வருடம் போடிக் கடைகளில் காய் பொறுக்கப் போனவர்கள். மற்ற இருவருக்கு வெயில் காலத்தில் இலவங்காயை உடைத்துப் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற வேலை. அழுக்குச் சரக்கைக் கொண்டுபோய்க் கொட்ட அவர்கள் கை ஒப்பாது. விதையைச் சாக்கின் மேல் பரப்பி, இன்னொரு சாக்கை வைத்துத் தேய்த்து, புடைத்து, முடியெல்லாம் போக்கி, சின்னச் சின்ன மணியாக ஆக்கியிருந்தார்கள். பொன்னிறத்தில் ஒன்றுபோல இருந்தது.

நான் சாக்குக்குள் கையை விட்டேன். அள்ளி, விரல் இடுக்கில் வழியவிட்டேன். எதுவும் ஒட்டவில்லை.

"நல்லா இருக்குக்கா," என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து ஆறு டீ வரவழைத்தேன்.

நான்காவது விதி எனக்கு நினைவிருந்தது. இருந்தும் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டவர்களிடம் ஏன் தேய்த்தீர்கள் என்று கேட்க மனம் வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, அந்தக் கையளவு விதை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மாதிரிக்கு ஒரு பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அடையாளம் சொல்ல வேண்டிய முடி ஒன்றுகூட இல்லாத விதைக்கு நான் அடையாளம் எழுதிக்கொடுத்திருந்தேன்.

இரண்டாம் மழை ஐப்பசியில் நன்றாகப் பெய்தது. முளைப்பு அருமையாக இருந்தது. சரிவில் நாற்பது இடங்களில் ஒரு மீட்டர்ச் சதுரம் அளந்து, பிவிசி குழாய்ச் சட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு புல்லையும் எண்ணுவேன். எனக்குப் பிடித்த வேலை. சட்டத்துக்குள் இருப்பது மட்டும் உலகம். வெளியே இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. கொழுக்கட்டைப்புல்லின் நாக்கு முடி வரிசை. எண்ணிய செடிகளிலெல்லாம் முடி வரிசை இருந்தது. சரி, சரி, சரி என்று குறித்துக்கொண்டே போனேன்.

கார்த்திகை பிறந்து சில நாளில், பதினாலாம் சதுரத்தில் முதல் கதிர் வெளியே வந்தது. விரல் நீளம் இல்லை, கை நீளம். இளஞ்சிவப்பில் பஞ்சு சுற்றியது போல இருந்தது. உடைத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். முடிகள் அடியில் சேரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வட்டு இல்லை.

எனக்குத் தெரிந்த புல்தான். எங்கிருந்தோ தீவனத்துக்காகக் கொண்டுவந்து விதைத்தது, இப்போது சாலை ஓரமெல்லாம் தானாகப் பரவி நிற்கிறது. அதன் நாக்கும் முடி வரிசைதான். பூக்கும் வரை கொழுக்கட்டைப்புல்லோடு நின்று ஏமாற்றும். ஒரு மழையில் முளைத்து, ஆளுயரம் வளர்ந்து, பஞ்சை ஊதிவிட்டு, மாசியில் செத்துக் காய்ந்து நிற்கும். ஒரு தீக்குச்சி போதும்.

அன்று மீதி சதுரங்களையும் சுற்றி வந்தேன். கதிர் தள்ளும் பருவத்தில் தண்டைப் பிளந்தால் உள்ளே குட்டிக் கதிர் சுருண்டிருக்கும். பாதிக்கு மேற்பட்ட சதுரங்களில் அந்தக் குட்டிக் கதிரிலும் வட்டு இல்லை. குறிப்பேட்டில் எழுதினேன்:

விதை முற்றிப் பறக்க: மூன்று வாரம், வெயில் அடித்தால் அதற்கும் குறைவு.
சரிவுக்கு மேலே: காடு.
சரிவுக்குக் கீழே: தகரக்கூரை வீடு.
பதிவேட்டில் கையெழுத்து: என்னுடையது.

நான்காவது வரிக்குப் பிறகு எழுத எதுவும் கிடைக்கவில்லை. படலுக்கு வந்தேன், கயிற்றை அவிழ்த்தேன், வெளியே வந்து கட்டினேன். அக்கா புல்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"தைக்கு இன்னும் எத்தன நாளுன்னு எங்க கெடா கேக்குது. நீங்க சொன்னாத்தான் நம்புமாம்."

சிரித்தேன். சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது.

தேனியில் இருக்கும் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். கெட்ட மனிதர் இல்லை. இந்தத் திட்டத்துக்காகப் பல படி ஏறி இறங்கியவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"சரிவு பச்சையா இருக்காம்மா?"

"இருக்கு சார். ஆனா வேற பச்சை."

"தையில் பணம் கொடுக்கிறவங்க பாக்க வர்றாங்க. அவங்களுக்குப் பச்சைதான் தெரியும். ஊர்க்காரங்களுக்கும் ஆடு மேய்ஞ்சாப் போதும். இப்ப எழுத்துல எதையும் போடாதே. திறக்கட்டும். அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாத்துக்க முடியாது சார். பறந்திரும்."

"நீ தையில கெளம்பிடப் போறே. நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல."

அவர் எனக்குக் கதவைத் திறந்துதான் விட்டார். பேசாமல் இருந்தால் நான் கோயம்புத்தூர் போகலாம். ஆடுகள் உள்ளே போகலாம். அக்கா ஊருக்குச் சொன்ன சொல் காப்பாற்றப்படும். எல்லோரும் கேட்டது எல்லோருக்கும் கிடைக்கும். மாசியில் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆறு நாட்கள் நான் செய்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் உள்ளே போனேன். தினமும் சதுரத்தில் மண்டியிட்டேன். கண்ணில் படும் கதிரைக் கிள்ளிப் பைக்குள் போட்டேன். மறுநாள் அதைவிட அதிகம் நின்றது. ஒரு ஆள் கிள்ளித் தீராது என்று தெரிந்தும் கிள்ளினேன். மூன்று பக்கமும் மலை. நாலாவது பக்கம் வேலி. வேலிக்கு வெளியே இருபத்திரண்டு ஆடுகள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் அக்கா இருப்பார் என்று டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து தின்றேன். நான்கு முறை அவிழ்த்த கயிறு இரண்டு முறையாகக் குறைந்தது.

"என்ன தாயி, ரெண்டு நாளா வெளிய தலையக் காணோம்? புல்லோட புல்லா முளைச்சிட்டீகளோன்னு பாத்தேன்," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். கேட்காதது போலக் குனிந்துகொள்வேன்.

ஏழாம் நாள் வெயில் அடித்தது. சரிவின் உச்சியில் ஒரு கதிர் வெளுத்திருந்தது. தொட்டதும் பஞ்சு பிரிந்து மேலே காட்டுப் பக்கம் போனது. எழுத்தில் போடுவதற்கு முன்னால் ஒருவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று பட்டது. கதிரை ஒடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அக்கா வாசலில் குத்தவைத்து அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க தாயி. மொகத்தப் பாத்தா எழவுச் சேதி கொண்டாந்த மாரி இருக்கு."

கதிரை நீட்டினேன்.

"பஞ்சுப்புல்லு," என்றார் உடனே.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மயிலாடும்பாற ரோட்டுல பூராம் இதான நிக்குது. நாந்தான அறுத்தேன்."

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. "நாம எடுக்கச் சொன்ன புல்லு இது இல்லைன்னு தெரியுமா?" என்றேன்.

"வேறன்னு தெரியும். கடைசி ரெண்டு நாளு கொழுக்கட்டப்புல்லு கெடைக்கல. வரப்புல நின்னதையெல்லாம் மாட்டுக்கு அறுத்துட்டுப் போயிட்டாக. இது அங்கன நெறையா நின்னுச்சு, ஆடும் இதத் திங்குது. வேண்டாமுன்னா நீங்க கழிச்சிருவீகன்னு இருந்தோம்."

"எப்படிக்கா கழிக்க? முடியெல்லாம் தேச்சுட்டீங்களே."

அரிவாளைக் கீழே வைத்தார். "அது ஒங்களுக்குல்ல தெரியணும்? போடியில நாங்க காயக் கொட்டுவோம். பாத்து, ஆகாததத் தள்ளுறது கடக்காரவுக வேல. தள்ளலைன்னா சரக்கு சரின்னுதான அர்த்தம்? நீங்க கைய விட்டு அள்ளிப் பாத்தீக. நல்லா இருக்குன்னு சொன்னீக. டீ வேற வாங்கிக் குடுத்தீக."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. எங்கள் கடையிலும் அதுதான் வழக்கம். பொறுக்குகிறவர் முடிவு செய்ய மாட்டார், பார்க்கிறவர்தான் முடிவு செய்வார். அந்த மதியம் பார்த்தது நான்.

"ஆமா. என் தப்புதான்," என்றேன். "ஆனா இதை இப்படியே விட முடியாதுக்கா. எல்லாத்தையும் புடுங்கணும். பூக்காம நிக்கிறதுல எது எதுன்னு அடுத்த மழைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் ஆடு உள்ள வந்தா, நல்ல புல்லும் நிக்காது."



"அப்ப தையில தொறக்க மாட்டீக."

"முடியாதுக்கா."

அதுவரை எனக்கு 'நீங்க' போட்டுப் பேசியவர் அங்கேதான் மாறினார். "ஏத்தா, ஊருல அம்புட்டுப் பேருகிட்டயும் போயி நின்னது நானு. பொறுங்க, ரெண்டே மழதான்னு. ஆட்ட வித்துட்டு உக்காந்திருக்காக சில பேரு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொரு மழைன்னு போயிச் சொல்ல?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லுவ. சொல்லிட்டு பஸ் ஏறிருவ. நான் இங்கனதான கெடக்கணும்?"

வெயில் காலத்தில் இது காய்ந்தால் தீப்பிடிக்கும் என்றேன். அவருக்கு அது புதுச் சேதி இல்லை. போன பங்குனியில் சாலை ஓரம் யாரோ போட்ட பீடியில் இந்தப் பஞ்சுப்புல்தான் பற்றி, ஒருவருடைய இலவமரம் வரை போனது. வேப்பங்கொப்பால் அடித்து அணைத்தவர்களில் அவரும் ஒருவர். தலையைத் திருப்பிச் சரிவைப் பார்த்தார். பிறகு தன் கூரையைப் பார்த்தார். எழுந்து ஆடுகளைப் பட்டிக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே அறைக்குப் போய்த் திருத்த அறிக்கை எழுதி அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் அனுப்பினேன். விதைத்த ஐந்தில் ஒன்று தவறு, தவறு விதையைச் சரிபார்த்ததில், சரிபார்த்தது நான். மேலதிகாரி பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"சரிம்மா. எழுதிட்டே. வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்லணுமோ சொல்லிக்கிறேன். ஆனா புதுசா ஒரு ஆளை அனுப்பி இதைப் புரியவைக்க என்னால முடியாது. அடுத்த மழை வரைக்கும் நீயே இரு."

என்னைக் கட்டிப்போட அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை. மறுத்திருக்கலாம். 'பஸ் ஏறிருவ' என்ற குரல் காதில் இருந்தது. இருக்கிறேன் சார் என்றேன். கோயம்புத்தூருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் எழுதினேன். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படலுக்குப் போனபோது ஆறு பெண்களும் நின்றிருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கயித்த அவுரு. வேடிக்க பாத்துக்கிட்டு நின்னா பஞ்சு நிக்குமா?"

மூன்று வாரம் பிடுங்கினோம். நான் முன்னால் போய்ச் செடியைப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டுவேன். அவர்கள் பின்னால் வந்து வேரோடு இழுப்பார்கள். கதிரைக் கிள்ளித் தனிச் சாக்கில் போட்டுக் குழியில் எரித்தோம். மீதித் தழையைக் கட்டி வேலிக்கு மேலாக வெளியே எறிந்தோம். அந்த மூன்று வாரமும் ஆடுகள் வயிறு நிறையத் தின்றன. அவற்றுக்கு இது எந்தப் புல் என்ற கவலை இல்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, "இதுகளுக்கு விசயம் தெரிஞ்சா என்னையத்தான் முட்டும்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னிடம் அவர் நேரடியாகப் பேசவில்லை. தேவையானதை அடுத்தவரிடம் சொல்வார், அவர் என்னிடம் சொல்வார்.

ஊருக்குச் சொல்லும் நாளில் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்றார். "வா. நீயே சொல்லு."

தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவர் என் பக்கத்தில் நின்றார், ஆனால் தொடும் தூரத்தில் இல்லை. என்ன நடந்தது, ஏன் படல் திறக்காது, இன்னும் எவ்வளவு நாள் என்று வரிசையாகச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"படிச்ச புள்ள நீ தப்புப் பண்ணா மறுவருசம் பரீச்ச எழுதிப் பாஸ் பண்ணிக்கிருவ. எங்க ஆட்டுக்கு எத்தன அரியர்னு சொல்லிட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்தது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் அவரைத் தாண்டிப் போனார்கள். அதுவரை அவர் எதற்காகவும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

பொங்கல் வந்தது. படல் திறக்கவில்லை. பொங்கல் கழிந்த வாரம் ஒரு மினி லாரி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒன்பது ஆடுகளை ஏற்றினார்கள். நான் உள்ளே, இருபத்தாறாம் சதுரத்தில், சட்டத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ண முடியவில்லை. மறுநாள் காலை கயிற்றைத் தொட்டபோது பதின்மூன்று ஆடுகள் எழுந்து வந்து நின்றன. கெடா இல்லை.

பிடுங்கிய இடங்கள் வெறும் மண்ணாகக் கிடந்தன. அடுத்த மழைக்கு அங்கே மறுபடி விதைக்க வேண்டும். அதற்குக் கொழுக்கட்டைப்புல் விதை வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு வாரத்தை ஓட்டினேன். கடைசியில் ஐந்து பெண்களிடம் மட்டும் சொன்னேன். அக்காவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

மாசியில் ஒரு மதியம், நான் படலுக்கு உள்பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தபோது, வேலிக்கு மேலாக ஒரு சாக்கு வந்து விழுந்தது. தூசி எழுந்தது. வாய் அவிழ்ந்து கதிர், தண்டு, மண், வேர், எறும்பு, வைக்கோல் துண்டு எல்லாம் கொட்டியது. விதையின் முடிகள் என் சட்டைக் கையில் பற்றிக்கொண்டன.

"தேய்க்கல," என்றார் அக்கா, வெளியே நின்றபடி. மூன்று மாதத்தில் என்னிடம் நேராகப் பேசிய மூன்றாவது பேச்சு. "பொடைக்கல. ஒண்ணையும் தள்ளல. எல்லாம் இருக்கு. நீயே பொறுக்கு."

"சரிக்கா. உட்காருங்க, டீ சொல்றேன்."

"டீயெல்லாம் வேண்டாம்."

சாக்கைத் தரையில் பரப்பி, லென்ஸை எடுத்தேன். முதல் கதிரில் ஒரு கொத்தைப் பிரித்தேன். முடிகள் அடியில் சேர்ந்து, வட்டில் பதிந்திருந்தன. வலது பக்கம் வைத்தேன். இரண்டாவதும் அப்படியே. வலது பக்கம். மூன்றாவது கதிர் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் வியர்த்து, லென்ஸ் மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அவர் போகவில்லை. படலின் மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முள்ளுக்கு இடையே முகத்தை வைத்து, அதை நான் எந்தப் பக்கம் வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.